இணையத்தில் விற்கத் தொடங்குமுன்: எந்த வழியில் உங்கள் விவரம் எவ்வளவு வெளியே போகும்?

வீட்டில் அரைத்த இட்லிப் பொடியோ, மதுரைச் சுங்குடிச் சேலையோ இணையம் வழியாக விற்க நினைப்பவருக்கு இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. இன்ஸ்டாகிராமில் படம் போட்டு வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கலாம். மீஷோ, அமேசான், பிளிப்கார்ட் போன்ற சந்தைத் தளங்களில் கடை திறக்கலாம். சொந்த டொமைன் (கடைக்கான இணையப் பெயர்) வாங்கி, பேமெண்ட் கேட்வே (இணையத்தில் பணம் வாங்கித் தரும் சேவை) இணைத்துத் தனி வெப்சைட் நடத்தலாம். இவற்றை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் கமிஷனையும் கூரியர் செலவையும்தான் கணக்குப் பார்க்கிறார்கள். உங்கள் செல்போன் எண், வீட்டு முகவரி, பான் எண், வங்கிக் கணக்கு ஆகியவை யார் யார் கண்ணில் படும், ஏதாவது ஒரு கணக்கு பறிபோனால் கூடவே என்னென்ன போகும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கமிஷன் ஒத்துவராவிட்டால் அடுத்த மாதமே வேறு தளத்துக்கு மாறிக்கொள்ளலாம். ஆயிரம் பாக்கெட்டில் அச்சாகி ஊரெல்லாம் போய்விட்ட சொந்த எண்ணைத் திரும்பப் பெற வழியே இல்லை.

முகவரியை மறைக்க முடியுமா?

எந்த வழியில் போனாலும் முகவரி ஓரளவு வெளியே தெரியத்தான் செய்யும். அதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் மற்ற முடிவுகள் எளிது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, தொடர்ச்சியாக இணையத்தில் வியாபாரம் செய்பவர் தன் சட்டப்பூர்வப் பெயரையும், முகவரியையும், வாடிக்கையாளர் தொடர்பு விவரங்களையும், குறைதீர் அலுவலரின் பெயரையும் தளத்தில் காட்ட வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததாகப் பதில் அனுப்பி, ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். ‘சொந்த வெப்சைட் என்றால் நான் யார் என்று யாருக்கும் தெரியாது’ என்று நினைத்துத்தான் பலர் அந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முகவரி விஷயத்தில் உண்மை அதற்கு நேர்மாறு. பேமெண்ட் கேட்வே நிறுவனங்களும் முகவரி, போன் எண், பணம் திருப்பித் தரும் விதிமுறை எல்லாம் தளத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கணக்கைத் திறந்துவிடுகின்றன.

இங்கே என்ன பொருள் விற்கிறீர்கள் என்பது முக்கியம். சேலை, நகை, கைவினைப் பொருள் என்றால் முகவரியைத் தேர்ந்தெடுக்க உங்களுக்கு இடம் இருக்கிறது. உறவினரின் கடையோ, சிறு வாடகை அறையோ, கோ-வொர்க்கிங் இடமோ வியாபார முகவரியாக இருக்கலாம். உணவுப் பொருள் என்றால் அந்த வசதி கிடையாது. எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு எங்கே சமைக்கிறீர்களோ அந்த இடத்துக்குத்தான். தயாரிப்பவரின் பெயரும் முழு முகவரியும் 14 இலக்கப் பதிவு எண்ணும் பாக்கெட்டில் அச்சாக வேண்டும். வீட்டு அடுப்படியில் பொடி அரைத்தால் வீட்டு முகவரிதான் வெளியே போகும். தபால் பெட்டி எண் போதாது. ஆகவே பொடி விற்பவர் முகவரியை மறைக்கும் முயற்சியை விட்டுவிட்டு எண், பணம், லாகின் ஆகிய மூன்றையும் காப்பதில் கவனம் வைப்பது நல்லது. கூடவே ஒரு பழக்கமும் வேண்டும். முகவரி எல்லோருக்கும் தெரிந்த அதே பக்கத்தில் ‘மூன்று நாள் ஊருக்குப் போகிறோம், ஆர்டர் இல்லை’ என்று ஸ்டோரி போடாதீர்கள். ‘திங்கள் முதல் ஆர்டர் அனுப்பப்படும்’ என்று எழுதினால் வாடிக்கையாளருக்குத் தேவையான செய்தி போய்விடும்.

ஜிஎஸ்டி பதிவு எடுத்தவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து எழுத்தும் எண்ணும் அப்படியே உங்கள் பான். தனிநபர் வியாபாரமென்றால் அது உங்கள் சொந்த பான்தான். அந்த எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டுத் தேடினால் சட்டப்பூர்வப் பெயரும் வியாபார முகவரியும் வந்துவிடும். பில்லில் ஜிஎஸ்டி எண் போடுவது கட்டாயம், தவிர்க்க முடியாது. ஆனால் ‘நாங்கள் அரசுப் பதிவு பெற்றவர்கள்’ என்று காட்டுவதற்காக உத்யம் (சிறுதொழில் பதிவு) சான்றிதழை முழுதாகப் படமெடுத்து இன்ஸ்டாகிராம் ஹைலைட்டில் வைப்பவர்கள் நிறைய. அதில் முகவரி, செல்போன் எண், மின்னஞ்சல் எல்லாம் இருக்கின்றன. பதிவு எண்ணை மட்டும் எழுதுங்கள், சான்றிதழ் உங்களிடமே இருக்கட்டும்.

மூன்று வழிகளும் எப்படி?

சந்தைத் தளத்தில் உங்கள் செல்போன் எண் வாடிக்கையாளர் கைக்கு நேரடியாகப் போகாது. இரவு பதினொரு மணிக்கு ‘அக்கா, கலர் வேற இருக்கா’ என்று அழைப்பு வராது. பணமும் தளத்தின் வழியாகத்தான் வரும். ஆனால் விற்பவரின் பெயரும் முகவரியும் பொருளின் பக்கத்தில் தெரியும். ‘பெறப்படாவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டிய முகவரி’ பார்சல் லேபிளிலும் அச்சாகும். ஆகவே கணக்குத் தொடங்கும்போது பிக்-அப் முகவரி, ரிட்டர்ன் முகவரி இரண்டையும் யோசித்துப் போடுங்கள்.

ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய்க்குக் கீழே பொருள் விற்பவர்கள், 2023 அக்டோபர் 1 முதல், ஜிஎஸ்டி பதிவு இல்லாமல் எண்ரோல்மென்ட் எண் மட்டும் பெற்றுச் சந்தைத் தளங்களில் விற்கலாம். அந்த வசதி சொந்த மாநிலத்துக்குள் விற்பனைக்கு மட்டும். இந்த வழியில் என்னை உறுத்துவது வேறு விஷயம்: வாடிக்கையாளர் உங்களுடையவர் அல்ல. தளம் உங்கள் கணக்கை முடக்கினால் இரண்டு வருடம் வாங்கியவர்களில் ஒருவரைக்கூட நீங்கள் தொடர்புகொள்ள முடியாது.

இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் வழிக்குச் செலவு கிட்டத்தட்ட இல்லை. நம்மூரில் மிக வேகமாக ஆர்டர் வருவதும் இதில்தான். அதே சமயம் கவனமில்லாமல் தொடங்கினால் மிக அதிகமாக விவரம் கசிவதும் இதில்தான். சொந்த எண்ணில் இன்ஸ்டாகிராம் கணக்கு திறந்தால், உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருக்கும் பழைய அலுவலகத்தார் முதல் தூரத்து உறவினர் வரை எல்லோருக்கும் அந்தக் கணக்கு பரிந்துரையாகப் போக வாய்ப்பு உண்டு. பிசினஸ் கணக்காக மாற்றும்போது கொடுக்கும் எண்ணும் மின்னஞ்சலும் புரொஃபைலில் பட்டனாகத் தெரியும். எடிட் புரொஃபைல் பகுதியில் போய் அதை அணைத்துவிடலாம்.

பெங்களூருக்கோ மும்பைக்கோ அனுப்புவது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வரி உள்ள பொருளை வெளிமாநிலத்துக்கு விற்றால் 40 லட்ச வரம்பெல்லாம் செல்லாது, ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். சில கைவினைப் பொருட்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. வாட்ஸ்அப்பில் எடுத்த ஆர்டர்தானே என்பது சமாதானம் ஆகாது.

சொந்த வெப்சைட் முகவரியை மறைக்காது, ஆனால் வாடிக்கையாளர் பட்டியலும், பெயரும், மின்னஞ்சலும் உங்கள் கையில் இருக்கும். டொமைன் பதிவில் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். டாட் காம் பெயருக்கு உரிமையாளர் விவரத்தை மறைக்கும் சேவையைப் பல பதிவு நிறுவனங்கள் இலவசமாகவே தருகின்றன. டாட் இன் பெயருக்கு அப்படி வேறொரு பெயரில் மறைத்துப் பதிவது அனுமதிக்கப்படவில்லை. ஆகவே உண்மையான விவரத்தைக் கொடுங்கள். பொய் முகவரி கொடுத்தால் பெயரே பறிபோகலாம். நிறுவனப் பெயர் கேட்கும் கட்டத்தில் மட்டும் உங்கள் பெயருக்குப் பதில் கடைப் பெயரை எழுதுங்கள். முதலாண்டுச் சலுகை விலையைப் பார்த்து வாங்காமல், இரண்டாம் ஆண்டு புதுப்பிக்கும் விலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தளத்தில் ஏற்றும் படங்களிலும் ஒரு கசிவு இருக்கிறது. போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிந்திருக்கலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும். ‘டாக்குமென்ட்’ என்று அனுப்பினாலோ, வேர்ட்பிரஸ் தளத்தில் அசல் கோப்பை ஏற்றினாலோ அப்படியே போகும். சேலைக்கு வேறொரு முகவரி ஏற்பாடு செய்து, வீட்டு மொட்டைமாடியில் எடுத்த படத்தோடு வீட்டின் இடத்தையும் சேர்த்து ஏற்றினால் அந்த ஏற்பாடு முழுக்க வீண். கேமரா அமைப்பில் லொகேஷனை அணைத்துவிட்டால் வேலை முடிந்தது.

எண்ணும் வாட்ஸ்அப்பும்

மூன்று வழிகளுக்கும் பொதுவான முதல் வேலை, வியாபாரத்துக்கு இரண்டாவது சிம் வாங்குவது. அதை உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். அண்ணன் பெயரில், கடைக்காரர் பெயரில் வாங்கிய சிம் தொலைந்தால் மாற்று சிம் வாங்க அவர்தான் வர வேண்டும். சண்டை வந்தால் எண்ணும் அவருடையதுதான். வங்கிக் கணக்கு, ஆதார், வருமான வரி ஆகியவற்றோடு இணைந்த எண்ணை எந்த விளம்பரத்திலும் போடாதீர்கள். அந்த எண்ணுக்குத்தான் ஓடிபி வருகிறது. மோசடிக்காரர் முதலில் தேடுவதும் அதைத்தான்.

வியாபார சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண் செயலிழந்து, சில மாதங்கள் கழித்து வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டுவிடும். அந்தப் புதியவர் வாட்ஸ்அப் நிறுவினால் உங்கள் வாடிக்கையாளர்களின் செய்திகள் அவருக்குப் போகும். பாக்கெட்டில் அச்சடித்த எண்ணை, வியாபாரத்தை நிறுத்திய பிறகும் ஓராண்டாவது உயிரோடு வைத்திருக்க வேண்டும்.

ஒரே போனில் சாதாரண வாட்ஸ்அப்பும் வாட்ஸ்அப் பிசினஸும் வெவ்வேறு எண்களில் ஓடும். புது போன் தேவையில்லை. நிறுவியவுடன் இரு-படிச் சரிபார்ப்பில் ஆறு இலக்கப் பின்னைப் போட்டு, மீட்பு மின்னஞ்சலையும் கொடுங்கள். இந்தப் பின் இருந்தால் ஓடிபி மட்டும் கிடைத்தவரால் கணக்கைத் தன் போனில் திறக்க முடியாது. ஆனால் ‘லிங்க்டு டிவைசஸ்’ (கணக்கோடு இணைத்த மற்ற கருவிகள்) வழியாக வருபவரை இது தடுக்காது. ‘ஆர்டரை உறுதி செய்ய இந்தக் குறியீட்டைப் போடுங்கள்’ என்று வரும் எட்டு எழுத்துக் குறியீட்டை வாட்ஸ்அப்பில் போட்டால், உங்கள் கணக்கு இன்னொருவர் கணினியிலும் சத்தமில்லாமல் ஓடத் தொடங்கும். வாரம் ஒருமுறை ‘லிங்க்டு டிவைசஸ்’ பட்டியலைத் திறந்து, தெரியாத கருவி இருந்தால் வெளியேற்றுங்கள்.

வாடிக்கையாளர்களுக்குச் செய்தி அனுப்புவதிலும் தேர்வு இருக்கிறது. குரூப் தொடங்கினால் இருநூறு பெண்களின் எண்கள் ஒருவருக்கொருவர் தெரிந்துவிடும். உள்ளே வரும் ஒரே ஒரு தவறான ஆள் அத்தனை பேருக்கும் தொல்லை கொடுக்க முடியும். பிராட்காஸ்ட் பட்டியலில் எண்கள் வெளியே தெரியாது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் செய்தி போகும். சேனலில் பின்தொடர்பவர்கள் எண் மற்றவர்களுக்குத் தெரியாது, ஆனால் பதில் எழுத முடியாது. புதுச் சரக்கை அறிவிக்கச் சேனல், பழைய வாடிக்கையாளருக்குப் பிராட்காஸ்ட். குரூப் வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்து, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நம்பி எண்ணைக் கொடுத்தவரைக் காப்பது வியாபாரியின் பொறுப்பு.

பணம் வரும் கணக்கு

சொந்த சேமிப்புக் கணக்கின் யுபிஐ-யில் பணம் வாங்குவதுதான் எல்லோரும் தொடங்கும் விதம். இதில் இரண்டு சிக்கல். முதலாவது சிறியது: யுபிஐ ஐடியின் முன்பகுதி பல செயலிகளில் உங்கள் செல்போன் எண்ணாகவே இருக்கும், பணம் அனுப்புபவருக்கு வங்கியில் உள்ள பெயரும் தெரியும். எண் இல்லாத வேறு ஐடியைச் செயலியிலேயே உருவாக்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது பெரியது, கணக்கு முடக்கம். மோசடியில் திருடிய பணத்தில் ஒருவர் உங்களிடம் நாலாயிரம் ரூபாய்க்குச் சேலை வாங்குகிறார் என்று வையுங்கள். பணம் பறிகொடுத்தவர் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் செய்கிறார். பணம் போன தடத்தைப் பிடித்து வரும்போது உங்கள் கணக்கும் அதில் வருகிறது. வங்கி அந்தத் தொகையையோ, சில நேரம் கணக்கையே முழுதாகவோ நிறுத்தி வைக்கிறது. புகார் வேறு மாநிலத்தில் பதிவாகியிருந்தால் விடுவிக்க வாரக்கணக்கில் அலைய வேண்டும். அதே கணக்கில் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் ஸ்கூல் பீஸும் இருந்தால் நிலைமையை நினைத்துப் பாருங்கள். வியாபாரக் கணக்கைத் தனியே வைப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

தனி வைத்தாலும், அன்றன்று வந்ததை அன்றிரவே வீட்டுக் கணக்குக்கு மாற்றினால் தடம் அங்கேயும் நீளும். மாதம் ஒருமுறை லாபத்தை மட்டும் எடுங்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் பில், உரையாடல், கூரியர் டிராக்கிங் எண் மூன்றும் இருக்கட்டும். காவல் நிலையம் கேட்பது இவற்றைத்தான். ‘தெரியாமல் அதிகமாக அனுப்பிவிட்டேன், இந்த வேறு எண்ணுக்குத் திருப்பி அனுப்புங்கள்’ என்று யாராவது கேட்டால் அனுப்பாதீர்கள். எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். மோசடிப் பணத்தை உங்கள் வழியாகக் கடத்தும் வேலை இப்படித்தான் நடக்கிறது.

தனிநபர் வியாபாரப் பெயரில் நடப்புக் கணக்கு திறக்க, வியாபாரத்துக்கான இரண்டு ஆவணங்களை வங்கி கேட்கும். உத்யம் பதிவு இலவசம், அரசுத் தளத்தில் ஆதாரும் பானும் வைத்து நீங்களே செய்யலாம். பணம் கேட்கும் போலித் தளங்களில் மாட்டாதீர்கள். எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவோ ஜிஎஸ்டியோ இரண்டாவது ஆவணம் ஆகும். குறைந்தபட்ச இருப்பு வங்கிக்கு வங்கி மாறும், கேட்டுவிட்டுத் திறங்கள்.

பேமெண்ட் கேட்வேயில் பொதுவாக 2 சதவீதக் கட்டணமும் அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் போகும். ஆயிரம் ரூபாய் ஆர்டருக்கு 23 ரூபாய் 60 பைசா. யுபிஐ-யில் நேரடியாக வாங்கினால் இது மிச்சம்தான். ஆனால் கேட்வேயில் பணம் நிறுவனத்தின் கணக்கிலிருந்து மொத்தமாக வருவதால் வாங்கியவரின் கணக்குத் தடம் நேராக உங்கள் கணக்கில் வந்து முட்டாது. முன்பின் தெரியாதவர்களுக்கு விலை உயர்ந்த பொருளை விற்பவருக்கு அந்த 23 ரூபாய் கொடுக்கத் தகும். தெருவிலும் உறவிலும் பொடி விற்பவருக்குத் தேவையில்லை.

லாகின்: ஒன்றில் ஒன்று தொங்காமல்

பாஸ்வேர்டு நீளமாக இருக்க வேண்டும், தளத்துக்குத் தளம் வேறாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் தெரிந்ததே. பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் பிட்வார்டன் போன்ற செயலியின் இலவச வடிவமே இதற்குப் போதும். மீட்பு வழி எங்கே போய் நிற்கிறது என்பதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. கடைப் பெயரில் மின்னஞ்சல் வைப்பது நல்லது. சோஹோ மெயிலில் சொந்த டொமைனுக்கு ஐந்து பேர் வரை இலவசத் திட்டம் உண்டு. டொமைன் அமைப்பில் எம்எக்ஸ் பதிவு இருந்தால்தான் உங்களுக்கு அஞ்சல் வந்து சேரும்; அனுப்புவது நீங்கள்தான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளையும் சேர்க்காவிட்டால் நீங்கள் அனுப்பும் பில் வாடிக்கையாளரின் ஸ்பேமில் போய் விழக்கூடும்.

ஆனால் டொமைன் வாங்கிய நிறுவனத்தின் கணக்குக்கு மட்டும் அந்த மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். டொமைன் காலாவதியானால் மின்னஞ்சல் நிற்கும். மின்னஞ்சல் நின்றால் பாஸ்வேர்டை மாற்ற முடியாது, புதுப்பிக்கவும் முடியாது. அங்கே யாருக்கும் சொல்லாத தனி ஜிமெயில் இருக்கட்டும். டாட் காம் பெயர் காலாவதியாகி நீக்கப்பட்டால் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, ஆனால் அப்போது கட்டணம் பல மடங்கு. தானியங்கிப் புதுப்பித்தலை இயக்கி வைப்பது மலிவு.

இன்ஸ்டாகிராமுக்கு எஸ்எம்எஸ் ஓடிபியை விட, குறியீட்டைப் போனிலேயே உருவாக்கும் ஆதென்டிகேட்டர் செயலி நல்லது. அங்கே கிடைக்கும் மாற்றுக் குறியீடுகளை (பேக்கப் கோட்) காகிதத்தில் எழுதி ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள்; போன் தொலைந்தால் அதுதான் கைகொடுக்கும். ‘காப்பிரைட் மீறல், 24 மணி நேரத்தில் கணக்கு நீக்கப்படும்’ என்று மெசேஜில் வரும் லிங்க் எல்லாமே மோசடி. இன்ஸ்டாகிராம் உண்மையில் அனுப்பிய மின்னஞ்சல்களின் பட்டியல் செட்டிங்ஸிலேயே இருக்கிறது, அங்கே இல்லையென்றால் பொய். படம் போட உதவிக்கு ஆள் வைத்தால் பாஸ்வேர்டைக் கொடுக்காமல் மெட்டா பிசினஸ் சூட்டில் அவருக்குத் தனி அனுமதி கொடுங்கள். விலகும்போது அதை மட்டும் நீக்கினால் போதும்.

எதைத் தேர்வது?

என் தேர்வு இது. புது சிம், வாட்ஸ்அப் பிசினஸ், தனி வங்கிக் கணக்கு, கடைப் பெயரில் டொமைன், அதில் மின்னஞ்சல். இவற்றை முதல் ஆர்டருக்கு முன்பே வாங்கிவிட்டு இன்ஸ்டாகிராமில் தொடங்குங்கள். பாக்கெட்டில் டொமைன் பெயரையும் அச்சடியுங்கள். வெப்சைட் இன்னும் கட்டாவிட்டாலும், அந்தப் பெயரை வாட்ஸ்அப் கேட்டலாக்குக்கோ இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கோ திருப்பி விடலாம். நாளை இன்ஸ்டாகிராம் கணக்கு போனாலும் பாக்கெட்டைப் பார்த்து வாடிக்கையாளர் உங்களைக் கண்டுபிடிப்பார். மாதம் ஐம்பது, அறுபது ஆர்டர் தாண்டி, பாதிப்பேர் திரும்ப வாங்குகிறார்கள் என்றால் அதே டொமைனில் கடையைக் கட்டுங்கள். சந்தைத் தளம் தொடக்கத்திலேயே ஏற்றது, போன் பேசவே விருப்பமில்லாத, சேலை அல்லது நகை விற்கும் ஒருவருக்கு. பொடி விற்பவருக்கு அங்கே முகவரியும் மறையாது, வாடிக்கையாளரும் தங்கமாட்டார்.

ஏற்கெனவே சொந்த எண்ணிலேயே வியாபாரம் நடந்துகொண்டிருந்தால் எந்த எண்ணை மாற்றுவது என்பதை வாடிக்கையாளர் எண்ணிக்கைதான் முடிவு செய்ய வேண்டும். இருபது, முப்பது பேர்தான் என்றால் வாட்ஸ்அப் பிசினஸைப் புது எண்ணில் தொடங்கி, ஒவ்வொருவருக்கும் பழைய எண்ணிலிருந்தே தகவல் சொல்லிவிடுங்கள். நூற்றுக்கணக்கில் இருந்தால், பாக்கெட்டிலும் பேனரிலும் எண் அச்சாகியிருந்தால், பழைய எண் கடைக்கே போகட்டும். புது எண்ணை உங்களுக்கு எடுத்துக்கொண்டு வங்கி, ஆதார், வருமான வரி, கேஸ், மின்வாரியம் என்று ஒவ்வொன்றிலும் மாற்றுங்கள். முதலில் வங்கி. அதை மாற்றி முடித்து, புது எண்ணுக்கு ஓடிபி வருகிறதா என்று ஒருமுறை பார்த்த பிறகுதான் பழைய சிம்மை உதவியாளர் கையில் இருக்கும் போனில் போட வேண்டும்.